காற்று வரும் வழி

தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் பணத்தைச் செலவழித்து, இற்றுப்போன ஒரு ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் புது ஜன்னல் வைப்பதற்கு ஒருவன் நகர சபையின் உத்தரவைப் பெற வேண்டும் என்று சொன்னால், நம்மவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். அதுவும் எந்த நாட்டில்? ஒவ்வொருவனுக்கும் அவன் வீடே கோட்டை என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு பெருமைப்படுகிற இங்கிலாந்தில்! கோட்டைக்குள் சர்வ சுதந்திரமும் உண்டாம். கோட்டையின் ஜன்னலில் கை வைக்க மட்டும் அநுமதிச் சீட்டு வேண்டுமாம்.

என்னிடம் சரித்திரம் படித்த பழைய மாணாக்கன் ஒருவன் இப்பொழுது லண்டனில் உத்தியோகம் பார்க்கிறான். விக்டோரியா மகாராணியின் காலத்தில் கட்டிய ஒரு வரிசை வீட்டின் கீழ்க்கட்டைக் கடன் வாங்கி விலைக்கு எடுத்திருக்கிறான். வீதி அழகான வீதிதான். ஆனால் ஜனவரி மாதம் வந்தால், அடைத்த ஜன்னலுக்கு முன்னால் தொங்கும் திரை தானாகவே ஆடுகிறதாம். இரவெல்லாம் கண்ணாடிகள் கடகடக்கின்றன. கைக்குழந்தைக்கு இருமல். அறையைச் சூடாக்குகிற செலவோ சம்பளத்தில் பாதியைத் தின்கிறது. இரண்டே நாளில் பழைய ஜன்னல்களை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னல்களை வைத்துத் தருகிறேன் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து சொன்னார். இவன் மனுப் போட்டான். நகர சபை மறுத்துவிட்டது. "எதிர்வீட்டுக்காரர் அதே பிளாஸ்டிக் ஜன்னலைத்தான் வைத்திருக்கிறார், ஸார். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? இது அழகுணர்ச்சியா, அல்லது அதிகார மமதையா?" என்று எனக்கு எழுதியிருக்கிறான்.

கேள்வி சாமானியமானதல்ல. அவன் பக்கத்திலும் குழந்தை இருமுகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு வீதியின் ஆயுள் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு இங்கிலாந்தில் பழைய நகரங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் உற்சாகம் கரைபுரண்டு ஓடியது. தனிப்பட்ட மாளிகை ஒன்றைக் காப்பாற்றச் சட்டம் இருந்தது. ஆனால் மாளிகை நின்று வீதி போய்விட்டால் என்ன பயன் என்ற எண்ணம் சிலருக்கு வந்தது. அதன் விளைவாக 1967-ஆம் ஆண்டில், டங்கன் ஸாண்டிஸ் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று. ஒரு கட்டடத்தை மட்டுமல்லாமல், ஒரு வட்டாரம் முழுவதையும் அதன் தோற்றத்துக்காகக் காப்பாற்றலாம் என்று அது ஏற்பாடு செய்தது. லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்போர்டு என்னும் கல்லூர் அவ்வருஷமே முதல் பாதுகாப்பு வட்டாரமாயிற்று. இப்பொழுது இங்கிலாந்தில் மட்டும் சுமார் 10,000 வட்டாரங்கள் இருக்கின்றன. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இருப்பதனாலேயே ஆணி அடிக்கவும் உத்தரவு வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தனி வீடாக இருந்தால், தோற்றத்தில் ஒத்த ஜன்னலைச் சாதாரணமாகக் கேளாமலே மாற்றிக்கொள்ளலாம். நகர சபை விரும்பினால் நாலாவது ஷரத்தின்கீழ் ஒரு தனி உத்தரவு போட்டு அந்த உரிமையை எடுத்துவிடலாம். பல ஊர்களில் எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே வீட்டைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பல குடும்பங்கள் வாங்கியிருந்தால், அந்தக் கட்டுகளுக்கு இச்சலுகை தொடக்கத்திலிருந்தே கிடையாது. நம் பையன் அகப்பட்டுக்கொண்டது இங்கேதான். தனித்துப் பட்டியலில் ஏறிய புராதனக் கட்டடமென்றால் இன்னும் கடுமை: கேளாமல் மாற்றினால் அது கிரிமினல் குற்றம்.

எதிர்வீட்டுக்காரர் சமாசாரத்துக்கும் விடை இருக்கிறது. உத்தரவில்லாமல் ஜன்னலை மாற்றி, நகர சபை நான்கு வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், பிறகு அவரை அசைக்க முடியாது என்று வெகுகாலம் விதி இருந்தது. 2024 ஏப்ரலில் அந்த நான்கைப் பத்தாக்கிவிட்டார்கள். அவர் எப்பொழுதோ வைத்துத் தப்பித்துக்கொண்டவராக இருப்பார். திருடன் ஒருவன் பிடிபடாமல் போனான் என்பதற்காக மற்றவர்களுக்கும் லைசென்ஸ் கொடுப்பதில்லை அல்லவா? இருந்தாலும், நாள்தோறும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குளிரில் நடுங்குகிறவனுக்கு இந்தத் தர்க்கம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்.

இனி ஜன்னலுக்கு வருவோம். 'ஜன்னல்' என்ற சொல்லே நம்முடையதல்ல, போர்த்துகீசியர் விட்டுப்போனது. நம் பழைய சொல் 'காலதர்'. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ஆங்கிலச் சொல்லின் பூர்வோத்தரத்தைப் பார்த்தாலும், வடநாட்டுக் கடலோடிகளின் பாஷையில் 'காற்றின் கண்' என்றே பொருள். வெளிச்சத்தையும் வேடிக்கையையும் விட்டுவிட்டு, இரண்டு ஜாதியாரும் காற்றைக்கொண்டே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டன் வீட்டின் பழைய ஜன்னலைப் புரிந்துகொள்ள இது நல்ல திறவுகோல்.

அந்த ஜன்னல் நம்முடையதைப் போல் கீலில் திரும்புவதில்லை. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றன்முன் ஒன்றாக மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு சட்டத்தையும் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கப்பியின்மேல் செலுத்தி, மறுநுனியில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். கிணற்று ஏற்றத்தில் பின்பாரம் வைக்கிறோமே, அதே யுக்தி. குண்டுகள் பக்கத்து மரப்பெட்டிக்குள் மறைந்திருக்கும். பாரம் சமமாக இருப்பதால் ஒரு குழந்தை ஒற்றை விரலால் தூக்கலாம். மேல் சட்டத்தைச் சற்று இறக்கி, கீழ்ச் சட்டத்தைச் சற்று ஏற்றினால், அறையின் வெப்பக் காற்று மேலே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும். மின்விசிறி பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கண்ட உபாயம் இது. இங்கிலாந்தில் வெயிலுக்கு ஏது வேலை என்று கேட்க வேண்டாம். 2022 ஜூலை 19-ஆம் தேதி அந்நாட்டில் 40.3 டிகிரி செல்ஸியஸ் வெப்பம் அடித்தது. நம் வேலூருக்குச் சமானம்!

அதன் ஒவ்வோர் அங்குலத்திலும் சரித்திரம் இருக்கிறது. 1666-இல் லண்டன் மாநகரம் தீக்கிரையான பிறகு, மர வேலை சுவரின் முகத்தோடு முகமாக இருந்தால் தீ எளிதில் தாவும் என்று அஞ்சினார்கள். 1709-இல் ஜன்னல் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சட்டம் செய்தார்கள். 1774-இல் அந்த மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னார்கள். லண்டன் வீதிகளில் ஜன்னல்கள் ஆழமாகப் பதிந்து, ஓரங்களில் நிழல் கட்டி நிற்பது இப்படி வந்ததுதான்.

1696 முதல் 1851 வரையில் ஜன்னலுக்கே வரி வேறு இருந்தது. எத்தனை ஜன்னலோ அத்தனை வரி. ஆதலால் பலர் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் குடித்தனம் செய்தார்கள். சர்க்கார் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வரி போட்டது என்று சொன்னால் அது அலங்காரம் அல்ல, கணக்கு. கண்ணாடிக்கும் எடைப்படி தனி வரி. அது 1845-இல் ஒழிந்தது. அதுவரையில் கண்ணாடியை மெல்லியதாகவே செய்தார்கள். உருக்கிய கண்ணாடியைக் குழலில் ஊதி, சுழற்றி, நான்கைந்து அடி அகலமுள்ள அப்பளம்போல் விரியச் செய்து, அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக அறுப்பார்கள். சின்னத் துண்டு என்பதனால்தான் பழைய ஜன்னலில் மேலே ஆறு, கீழே ஆறு என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. வரி ஒழிந்து பெரிய கண்ணாடி மலிந்ததும், கட்டங்கள் மறைந்து சட்டத்துக்கு ஒன்று இரண்டு கண்ணாடியே போதுமென்று ஆயிற்று. பெரிய கண்ணாடி பாரம் அல்லவா? மூலை இணைப்பு விட்டுப்போகாமல் இருக்க, மேல் சட்டத்தின் பக்க மரத்தைச் சிறிது கீழே நீட்டி, கொம்பு போல் இழைத்து விட்டார்கள். ஆக, தெருவில் நின்றபடியே ஜன்னலைப் பார்த்து வீட்டின் வயதைச் சொல்லிவிடலாம். கட்டமிருந்து கொம்பில்லையென்றால் பாட்டன் வீடு. கொம்பிருந்தால் பேரன் வீடு.

பிளாஸ்டிக் ஜன்னல் செய்கிறவர்கள் இந்தக் கொம்பையும் விடவில்லை. தாங்க வேண்டிய பாரம் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கொம்பைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். வழுக்கைத் தலைக்குப் பின்னால் சவுரி கட்டினாற்போல் இருக்கும்!

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்நாளில் பால்டிக் கடலோரத்துக் காடுகளிலிருந்து வந்த பைன் மரம், குளிரில் மெல்ல மெல்ல வளர்ந்து, வளையங்கள் நெருங்கி வைரம் பாய்ந்தது. அவசரமாக வளர்த்து அவசரமாக வெட்டுகிற இந்நாளைய மரம் அதற்கு ஈடாகாது. இருநூறு வருஷமாக ஏறி இறங்குகிற ஜன்னல்கள் அங்கே அபூர்வமல்ல. கெட்டுப்போவது பெரும்பாலும் கீழ்ச்சட்டமும் அடிக்கட்டையுமே. மழைநீர் தங்குகிற இடம் அவை. கெட்ட பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரத்தை ஒட்டுச் சேர்த்து, கயிற்றை மாற்றி, ஆளிவிதை எண்ணெயும் சீமைச்சுண்ணாம்பும் பிசைந்த மக்கைப் புதிதாக வைத்து, வர்ணம் பூசினால், மீண்டும் ஒரு தலைமுறை ஓடும். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கழற்றக்கூடியது என்பதே அதன் சிறப்பு. பிளாஸ்டிக் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்து மூடுபனி படிந்தால் அந்தக் கண்ணாடியை முழுதாக மாற்ற வேண்டும்; சட்டமே வளைந்தால் ஜன்னல் முழுவதும் குப்பைக்குத்தான். இருபது முப்பது வருஷத்தில் கம்பெனிக்காரர் மீண்டும் வாசலில் நிற்பார். தோற்றத்தைப் பற்றிய பேச்சே வேண்டாமென்றாலும், இந்தக் கணக்கு ஒன்றுக்காகவே நான் மரத்தின் கட்சி.

ஆனால் குளிர்? நகர சபையின் மறுப்புக் கடிதத்தில் அழகைப் பற்றி இரண்டு பக்கம் இருந்ததாம். குளிரைப் பற்றி ஒரு வரியும் இல்லையாம். இதுதான் எனக்குக் கோபம் மூட்டுகிறது. 'கூடாது' என்று சொல்ல அதிகாரம் உள்ளவன், 'இப்படிச் செய்' என்று சொல்லவும் கடமைப்பட்டவன். வகுப்பில் விடையை அடித்துவிட்டுச் சரியான விடையை எழுதிக் காட்டாத உபாத்தியாயரை யார் மதிப்பார்கள்? சொல்வதற்கு விஷயம் இல்லாமலும் இல்லை. கிளாஸ்கோ காலிடோனியன் சர்வகலாசாலையார் ஸ்காட்லாந்தின் புராதனச் சின்ன இலாகாவுக்காக ஒரு பழைய ஜன்னலை வைத்துப் பரீட்சை செய்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கனத்த திரையை இழுத்துவிட்டாலே கண்ணாடி வழியாகப் போகும் வெப்பத்தில் 14 சதவீதம் மிச்சமாகிறது. வீட்டோடு பிறந்த மர உட்கதவுகளை இரவில் சாத்தினால் 51 சதவீதம். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, அறையின் உட்புறத்தில் இரண்டாவதாக ஒரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினால் 63 சதவீதம். ஜன்னலின் ஓரங்களில் தூரிகை மயிர்ப் பட்டைகளைப் பதித்தால் காற்றுக் கசிவு 86 சதவீதம் குறைகிறது. திரை ஆடுவதற்கும் கண்ணாடி கடகடப்பதற்கும் மருந்து இந்தக் கடைசிப் பட்டையே. செலவும் புது ஜன்னலைவிட வெகு குறைவு.

இவற்றை நான் அவனுக்கு எழுதினேன். உட்கதவுகளைப் பலர் வர்ணத்தைப் பூசிப் பூசிப் பெட்டியோடு ஒட்டிப்போகும்படி விட்டிருப்பார்கள்; ஜன்னலின் இரு பக்கத்துப் பலகைகளைத் தட்டிப் பார், உள்ளே வெற்றொலி கேட்கிறதா என்று கவனி என்றும் எழுதினேன். ஒன்றை முக்கியமாகக் கோடிட்டேன். அக்காலத்து வர்ணத்தில் ஈயம் உண்டு. தச்சர் அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூளாக்க விடக் கூடாது. நனைத்தே சுரண்ட வேண்டும். அந்த நாட்களில் குழந்தையைத் தாயோடு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது நலம். கசிவை அடைத்த பிறகு, சமையல் நீராவியும் துணி உலர்த்தும் ஈரமும் வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சைக் காளான் பூத்து, குளிரினால் வந்த இருமல் காளானால் தொடரும். காலையில் சிறிது நேரம் மேல் சட்டத்தை நாலு விரற்கடை இறக்கி வைப்பது உத்தமம்.

எல்லாக் குறையும் நகர சபையின் தலையில் இல்லை. மேலேயுள்ள சர்க்காரின் விசித்திரமும் இருக்கிறது. அந்நாட்டில் வெறும் மனையில் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி இல்லை. பழைய வீட்டைப் பழுது பார்த்தால் பொதுவாக 20 சதவீதம் வரி. பழையதைக் காப்பாற்று என்று ஒரு கையால் சட்டம் எழுதி, காப்பாற்றுகிறவனிடம் மறு கையால் அபராதம் வாங்குவதற்கு இது சமம். வீதியின் அழகு ஊருக்கெல்லாம் பொதுச் சொத்து, அதைப் பார்க்க வருகிறவர்களால் ஊரார் லாபம் அடைகிறார்கள் என்றால், தச்சர் கூலியில் ஊருக்கும் பங்கு இருக்க வேண்டாமா?

பிடிவாதம் சில சமயம் எல்லை கடந்ததும் உண்டு. பாத் நகரத்தில் 'ராயல் கிரஸென்ட்' என்ற பிறை வடிவ வீட்டு வரிசை உலகப் பிரசித்தம். 1970-களில் அங்கே ஓர் அம்மையார் தம் வீட்டு வாசற்கதவுக்கு மஞ்சள் வர்ணம் பூசினார். நகர சபை வெள்ளைதான் வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தது. அம்மையார் விடவில்லை, விவகாரம் மந்திரி வரையில் போயிற்று. கடைசியில் மஞ்சளே ஜயித்தது. கல்லின் அழகுக்கு அதனால் ஒரு குந்தகமும் வந்ததாகத் தெரியவில்லை. வர்ணத்தை நாளையே மாற்றலாம்; பெயர்த்தெறிந்த ஜன்னலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்தப் பேதத்தை அதிகாரிகள் உணர்ந்தால் பாதி வழக்குகள் இல்லாமற் போகும்.

இப்பொழுது நடுவழி ஒன்றும் பிறந்திருக்கிறது. பழைய குறுக்குச் சட்டங்கள் மிக ஒடுங்கியவை. சாதாரண இரட்டைக் கண்ணாடியின் கனத்தை அவை தாங்கா. ஆனால் இரண்டு கண்ணாடிகளின் நடுவே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மொத்தமே ஆறேழு மில்லிமீட்டர் கனத்தில் செய்கிறார்கள். பழைய மரத்திலேயே அதைப் பொருத்த முடிகிறது. விலை அதிகம். சில நகர சபைகள் இசைகின்றன. சில இன்னும் முகத்தைச் சுளிக்கின்றன. முன்பே யாரோ மூல ஜன்னலைத் தொலைத்துவிட்ட வீடுகளிலும், அசல் கண்ணாடி உடைந்துபோன சட்டங்களிலும் இதை மறுப்பதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அசல் கண்ணாடி இருக்கும் சட்டங்களின் விஷயம் வேறு. 1959-இல் பில்கிங்டன் கம்பெனியார் உருகிய தகரத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு வந்த கண்ணாடியெல்லாம் தெளிந்த நீர் உறைந்தது போல் ஒரே சமதளம். பழைய கண்ணாடியில் மெல்லிய அலை இருக்கும். மாலை வெயில் பட்டால் எதிர்வீட்டின் பிம்பம் அதில் குளத்து நீரில் போல நெளியும். பழுது பார்க்க வருகிற வேலையாட்கள் இதைத்தான் முதலில் உடைத்துக் கூடையில் போடுகிறார்கள். உலர்ந்த மக்கைச் சூடு காட்டி இளக்கினால் முழுசாகவே எடுத்துவிடலாம். எடுக்கும்போதே ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் மெழுகுப் பென்சிலால் ஓர் எண்ணும், அதே எண்ணைச் சட்டத்திலும் எழுதி வைத்தால், எது எங்கே இருந்ததோ அங்கேயே மீண்டும் அமர்ந்துவிடும்.